எல்லையோரச் சரித்திரம் – 17: காமா கதிர் வெடிப்புகளும் கல்பாத்தி மரபும்

பாலக்காட்டுக் கல்பாத்தியில் 1893-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்று, திருவனந்தபுரத்தில் ஆசிரியப் பணியோடு அவ்வூர் வானாய்வகத்தின் பொறுப்பையும் வகித்து, பின்னர் கல்கத்தாவில் சி. வி. ராமனுடைய சோதனைச்சாலையில் ஒளிச் சிதறலை ஆராய்ந்து, 1925-இல் இந்திய வானிலை இலாகாவில் சேர்ந்த கே. ஆர். ராமநாதன் அவர்களுடைய சரித்திரத்தை, அந்த இலாகாவிலிருந்து அவர் 1948-இல் ஓய்வு பெற்ற கட்டம் வரையில் சென்ற அத்தியாயத்தில் கொண்டுவந்து நிறுத்தினோம். பூமத்திய ரேகையின் மேல் காற்று மண்டலத்தின் மிகக் குளிர்ந்த அடுக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை உலகத்துக்கு எடுத்துக் காட்டிய அந்த மேதை, ஓய்வூதியத்தைப் பெற்றுக்கொண்டு கல்பாத்திப் புழையின் கரையில் வந்து அமர்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் விக்ரம் சாராபாய் 1947 நவம்பரில் ஆமதாபாத்தில் நிறுவிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்திற்கு முதல் இயக்குநராக அவர் சென்றார். எல்லைப்புறத் தமிழர்களின் சரித்திரத்தில் வானத்தைப் பற்றிய பகுதி இங்கேதான் பூமியை விட்டு வெளியே புறப்படுகிறது.

அந்தக் கூடத்தில் இரண்டு ஆராய்ச்சிகள் அருகருகே நடந்தன. மேல்வாயு மண்டலத்தின் இயல்பை அறிவது ஒன்று. அண்டவெளியிலிருந்து வரும் கதிர்களை அறிவது மற்றொன்று. முன்னது ராமநாதனுடையது, பின்னது சாராபாயுடையது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. இவ்விரண்டும் ஒரே விசாரணையின் இரு முகங்கள் என்பதை, தம்முடைய எழுபத்தாறாவது வயதில், இயக்குநர் பதவியிலிருந்து விலகிக் கௌரவப் பேராசிரியராக இருந்த நாட்களில், ராமநாதன் செய்த ஒரு காரியம் தெளிவாகக் காட்டுகிறது.

தாஷ்கண்டு நகரத்து வானொலி நிலையம் 164 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அனுப்பிய அலைகளை ஆமதாபாத்தில் ஒரு கருவி இரவெல்லாம் வாங்கிப் பதிவு செய்துகொண்டிருந்தது. அந்த அலைகள் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தின் அடித்தளத்தில் பட்டுத் திரும்பி வருபவை; ஆகையால் அந்தத் தளத்தில் மின்னணுக்கள் கூடினாலும் குறைந்தாலும், வந்து சேரும் அலையின் வலிமை மாறும். பகலில் அத்தளத்தை ஆளுவது சூரியன். இரவில் ஆளுவது யார்? விருச்சிக ராசியில் 1962-இல் கண்டுபிடிக்கப்பட்டதும், சூரியனை நீக்கிப் பார்த்தால் வானத்திலேயே மிகப் பிரகாசமான எக்ஸ் கதிர் மூலமுமான நட்சத்திரம் உச்சத்தைக் கடக்கும் வேளையில், தாஷ்கண்டு அலை வலிமை குன்றுவதாக ராமநாதனும் எஸ். அனந்தகிருஷ்ணனும் 1969-இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதினார்கள். அம்முடிவை ஆட்சேபித்தவர்கள் உண்டு. அந்த நட்சத்திரத்தின் கதிர்கள் அவ்வளவு மாறுதலைச் செய்யப் போதுமானவையா என்ற விவாதம் சில காலம் நடந்தது. விவாதத்தின் முடிவு எதுவாயினும், தொலைதூரத்து நட்சத்திரம் ஒன்று நம் தலைக்கு மேலுள்ள காற்றைத் தொட்டு அதில் சுவடு பதிக்கக்கூடும், அந்தச் சுவட்டைத் தரையிலிருந்தே படிக்க முயலலாம் என்ற சிந்தனையின் துணிவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ராமநாதன் இவ்வாறு எழுதிய அதே ஆண்டில், அதைவிட உக்கிரமான வேறொரு வகைக் கதிர், யாருக்கும் தெரியாத கோப்பு ஒன்றில் உறங்கிக் கிடந்தது. அதன் கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

வாயு மண்டலத்திலும் அண்டவெளியிலும் அணுகுண்டுச் சோதனைகளைத் தடை செய்யும் ஒப்பந்தம் 1963 ஆகஸ்டில் மாஸ்கோவில் கையெழுத்தாயிற்று. அதை ரஷ்யர்கள் மீறுகிறார்களா என்று வேவு பார்க்க, வேலா என்ற பெயரில் இரட்டை இரட்டையாகத் துணைக்கோள்களை அமெரிக்கா அனுப்பத் தொடங்கியது. முதல் ஜோடி சென்றது அவ்வாண்டு அக்டோபர் 17-ஆம் தேதி. சரியாக ஐந்து வாரங்களுக்குப் பின், நவம்பர் 21-ஆம் தேதி மாலையில், நம் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழும்பியது என்பதையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். பூமியிலிருந்து ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால் சுற்றிய வேலாக்கள், அணுகுண்டு வெடித்தால் பீறிடும் காமா கதிரைத் தேடின. 1967 ஜூலை 2-ஆம் தேதி அவை காமா கதிர் ஒன்றைக் கண்டன. ஆனால் அது எந்த அணுகுண்டின் சாயலையும் கொண்டிருக்கவில்லை. லாஸ் அலமோஸ் ஆராய்ச்சியாளர் ரே கிளெபசாடலும் அவருடைய சகாக்களும் பழைய பதிவுகளைக் கையால் புரட்டி இதைக் கண்டெடுத்து, பின்னர் அனுப்பப்பட்ட நுட்பமான வேலாக்களின் பதிவுகளையும் ஒப்பிட்டு, ஒரு துணைக்கோளுக்கும் மற்றொன்றுக்கும் கதிர் சென்று சேர்ந்த நேர வித்தியாசத்தைக் கொண்டு அது வந்த திசையைக் கணித்தார்கள். பூமியும் அல்ல, சூரியனும் அல்ல என்று உறுதியான பிறகு, 16 வெடிப்புகளைப் பற்றிய அறிக்கையை 1973 ஜூனில் வெளியிட்டார்கள். போருக்கான சந்தேகத்திலிருந்து இத்தகைய ஒரு விஞ்ஞானம் பிறந்தது.

இந்த வெடிப்புகளைத் தரையில் இருந்துகொண்டு நேராகக் காண இயலாது. நம்மைச் சூழ்ந்த காற்றின் மொத்தக் கனம் பத்து மீட்டர் ஆழமுள்ள நீருக்குச் சமம். காமா கதிர்கள் அதைக் கடந்து கீழே வருவதற்குள் சிதறிக் கரைந்துபோகின்றன. உயிர்களுக்கு அது பெரும் பாக்கியம். வானியலாருக்கு அது மூடிய கதவு. ஆகவே உபகரணங்களைக் காற்றுக்கு மேலே கொண்டுசெல்வதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. அமெரிக்காவின் காம்ப்டன் ஆய்வகம் 1991 முதல் ஒன்பது ஆண்டுகளில் 2,704 வெடிப்புகளைப் பதிவு செய்து, அவை வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக வருவதைக் காட்டியது. 1997-இல் இத்தாலி, நெதர்லாந்து நாடுகளின் பெப்போசாக்ஸ் துணைக்கோள், வெடிப்புக்குப் பின் எஞ்சும் ஒளியைக் கண்டுபிடிக்க உதவியதால், அவை நம் பால்வெளிக்கு அப்பால், பலகோடி ஒளியாண்டுத் தொலைவில் நிகழ்பவை என்பது நிச்சயமாயிற்று. இரண்டு விநாடிக்கு மேல் நீடிப்பவற்றுள் பெரும்பாலானவை பெரும் நட்சத்திரங்கள் தம்முள் இடிந்து விழும் மரணச் சுடர்கள். அதற்குக் குறைந்தவற்றுள் பல, நியூட்ரான் நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று மோதுவதால் எழுபவை.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம்.

எர்ணாகுளத்தில் 1940 அக்டோபர் 24-ஆம் தேதி பிறந்த கே. கஸ்தூரிரங்கன், தமிழகத்திலிருந்து வந்து சாலக்குடியில் குடியேறிய குடும்பத்தவர். தாய்வழியில் பாலக்காட்டுத் தமிழர். பம்பாயில் பட்டம் பெற்று ஆமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்த அவ்விளைஞர், உயர் ஆற்றல் வானியலில் ஆராய்ந்து 1971-இல் டாக்டர் பட்டம் பெற்றார். தும்பாவிலிருந்து ராக்கெட்டுகளை ஏவி எக்ஸ் கதிர் நட்சத்திரங்களைச் சில நிமிஷங்களேனும் பார்த்துவிட அந்தக் கூடத்தார் முயன்ற காலம் அது. ராமநாதன் தாஷ்கண்டு அலைகளைக் கேட்டுக்கொண்டிருந்த காலமும் அதுவே. அண்ட எக்ஸ் கதிர்கள் பூமியின் வாயு மண்டலத்தில் உண்டாக்கும் விளைவுகளைப் பற்றிய ஆய்வும் கஸ்தூரிரங்கனுடைய பங்களிப்புகளில் இடம்பெற்றிருப்பதைக் காணும்போது, கல்பாத்திப் பெரியவர் எழுப்பிய கேள்வி அடுத்த தலைமுறைக்குச் சென்று சேர்ந்தது என்று கொள்வதில் பிழையில்லை.

1975 ஏப்ரல் 19-ஆம் தேதி சென்ற ஆரியபட்டாவில் எக்ஸ் கதிர், காமா கதிர் உபகரணங்கள் இருந்தன. மின்வழங்கலில் ஏற்பட்ட கோளாறினால் சில நாட்களிலேயே அவை நின்றுபோயின. அதன்பின் காமா கதிர் வெடிப்புகளைத் தேடுவதற்கென்றே ஓர் உபகரணத்தை பெங்களூரிலுள்ள துணைக்கோள் மையத்தார் உருவாக்கினார்கள். நிறமும் மணமும் இல்லாத சீசியம் அயோடைடு என்ற உப்புப் படிகத்தின் மேல் காமா கதிர் விழுந்தால், அதன் உள்ளே மிக மெல்லிய ஒளிப்பொறி தோன்றும். படிகத்தோடு ஒட்டிவைத்த ஒளிபெருக்கிக் குழாய் அந்தப் பொறியை மின் துடிப்பாக்கும். துடிப்பின் உயரமே கதிரின் ஆற்றலுக்கு அளவு. வெடிப்பு வந்துவிட்டது என்று கருவி உணர்வதற்குள் அதன் தொடக்கம் கடந்துபோயிருக்கும் அல்லவா? ஆகவே கடந்த சில கணங்களின் எண்ணிக்கை எப்போதும் நினைவகத்தில் சுழன்றுகொண்டேயிருந்து, வெடிப்பு உணரப்பட்ட மாத்திரத்தில் முன்னும் பின்னும் சேர்த்துப் பாதுகாக்கப்படும்படி அமைத்திருந்தார்கள். இருபதாயிரம் எலெக்ட்ரான் வோல்ட்டிலிருந்து முப்பது லட்சம் வரையிலான ஆற்றலை அது அளக்கும்.

இந்த உபகரணம் விண்ணை அடைந்த வரலாறு, பொறுமையின் வரலாறு. 1987 மார்ச் 24-ஆம் தேதி ஏஎஸ்எல்வி என்ற புதிய ராக்கெட் தன் முதல் பயணத்திலேயே ஸ்ராஸ் வரிசையின் முதல் துணைக்கோளோடு வங்கக் கடலில் விழுந்தது. 1988 ஜூலை 13-ஆம் தேதி இரண்டாவது ராக்கெட்டும் விழுந்தது. காமா கதிர்க் கருவி அதில் இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1992 மே 20-இல், மூன்றாவது ராக்கெட் மேலே சென்றது. ஆயினும் 106 கிலோ எடையுள்ள ஸ்ராஸ்-சி எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்த பாதையில் விடப்பட்டதால், இரண்டு மாதம் நிறைவதற்குள் காற்றோடு உராய்ந்து எரிந்தது. ஆயினும் அதே உபகரணத்தை மறுபடியும் செய்து, மறுபடியும் சோதித்து, மறுபடியும் ஏற்றினார்கள். 1994 மே 4-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ஸ்ராஸ்-சி2 செவ்வையான பாதையை அடைந்து, ஏழு ஆண்டுகளுக்கு மேல் பூமியைச் சுற்றி, 2001 ஜூலையில்தான் மறைந்தது. அது சென்றபோது கஸ்தூரிரங்கன் இஸ்ரோவின் தலைமையை ஏற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. நிர்வாகப் பொறுப்புகளின் பெருக்கத்திலும் அந்த வெடிப்புகளைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அவர் பெயர் தொடர்ந்து வருகிறது. இந்திய விண்வெளிச் சரித்திரத்தை எழுதுவோர் சந்திரயானுக்கும் மங்கள்யானுக்கும் பல பக்கங்களை ஒதுக்கி, ஸ்ராஸை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நம் நாட்டுத் துணைக்கோளில் நம் கருவி அண்டத்தின் எல்லையோர வெடிப்புகளைக் கண்ட முதல் சந்தர்ப்பம் அது என்பதனால், அவ்வாறு கடப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஸ்ராஸ்-சி2-இல் இருந்த மற்றொரு கருவி எது தெரியுமா? அயனி மண்டலத்து மின்னணுக்களின் அடர்த்தியையும் வெப்பத்தையும் அளக்கும் கருவி. ஆமதாபாத்தில் அருகருகே நடந்த இரண்டு ஆராய்ச்சிகளும் ஒரே பெட்டியில் ஏறி விண்ணுக்குச் சென்றன என்று சொல்லலாம். அதற்குள், 1983 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிகழ்ந்த பெரும் காமா வெடிப்பு ஒன்று, பூமியின் அயனி மண்டலத்தைக் குலைத்து, தாழ் அதிர்வெண் வானொலி அலைகளில் சுவடு பதித்தது என்பதை விஞ்ஞானிகளான ஃபிஷ்மனும் உம்ரான் இனானும் 1988-இல் நிரூபித்திருந்தார்கள். ராமநாதன் அதைப் பார்க்க இல்லை; அவர் 1984-ஆம் ஆண்டின் கடைசி நாளில் காலமானார்.

கஸ்தூரிரங்கன் தலைவராயிருந்த காலத்திலேயே ஆரம்ப ஏற்பாடுகள் தொடங்கி, 2015 செப்டம்பர் 28-ஆம் தேதி பிஎஸ்எல்வி ராக்கெட்டில் சென்றது ஆஸ்ட்ரோசாட் துணைக்கோள். அதிலுள்ள ஐந்து அறிவியல் கருவிகளுள் நம் விஷயத்துக்கு உரியது காட்மியம் துத்தநாக டெலுரைடுப் படிமக் கருவி. பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஏ. ஆர். ராவ் அவர்களின் தலைமையில், திருவனந்தபுரம், பெங்களூர், புனே, ஆமதாபாத் நிலையங்கள் கூடிச் செய்தது. நான்கு பகுதிகளாகப் பிரித்த ஒரு தட்டில் பகுதிக்கு 16 வீதம் 64 படிகத் துண்டுகள். துண்டு ஒன்றுக்கு 256 நுண்கட்டங்கள். கட்டம் ஒவ்வொன்றும் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். கண்ணாடி வில்லையால் இக்கதிர்களைக் குவிக்க முடியாதாகையால், தட்டுக்கு மேலே அரை மில்லிமீட்டர் கனமுள்ள டான்டலம் தகட்டில் குறிப்பிட்ட முறைப்படி துளைகளை வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள்; குத்துவிளக்கின் முன்னே சல்லடையைப் பிடித்தால் சுவரில் விழும் நிழலைக்கொண்டு விளக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா, அதுபோலத் தகட்டின் நிழல் எந்தக் கட்டங்களில் விழுகிறது என்று கணக்கிட்டு நட்சத்திரத்தின் திசையை அறிகிறார்கள்.

இக்கருவி ஒரு சிறு வானப் பகுதியை உற்றுநோக்கவே செய்யப்பட்டது. ஆனால் ஒரு லட்சம் எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலுள்ள கதிர்களுக்கு அதன் பக்கச் சுவர்களும் துணைக்கோளின் உடலுமே ஊடுருவத்தக்கவையாகிவிடுவதால், எந்தத் திசையில் வெடிப்பு நிகழ்ந்தாலும், பூமி மறைக்காத வரையில், அது உணர்ந்துவிடுகிறது. இந்தக் குணத்தின் பயன் முதல் நாளிலேயே தெரிந்தது: 2015 அக்டோபர் 6-ஆம் தேதி கருவி இயக்கப்பட்ட அன்றே, பார்வைத் திசைக்கு ஏறத்தாழ 60 பாகை விலகிய இடத்திலிருந்து வந்த வெடிப்பு ஒன்று அதில் பதிந்தது. 2017 ஜனவரியில், ஈர்ப்பலை ஒன்று பதிவான மறுநாள் ஹவாய்த் தொலைநோக்கி ஒன்று மங்கிவரும் ஒளிப்புள்ளியைக் கண்டு, இரண்டும் ஒரே சம்பவமாயிருக்குமோ என்று உலகம் பரபரத்தபோது, ஈர்ப்பலைக்கு ஏறக்குறைய 21 மணி நேரம் கழித்து நிகழ்ந்த தனி காமா வெடிப்பு ஒன்று இக்கருவியில் இருப்பதைக் காட்டி, அந்த ஒளி அதன் எச்சமே என்று தெளிவுபடுத்தினார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 17-ஆம் தேதி நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய புகழ்பெற்ற நிகழ்ச்சியில், ஈர்ப்பலைக்குப் பின் 1.7 விநாடியில் வந்த வெடிப்பை ஆஸ்ட்ரோசாட் காணவில்லை. பூமி இடையில் நின்றது. காணாமையும் ஒரு சான்றாயிற்று. பூமி மறைத்த வானப் பகுதியிலேயே மூலம் இருந்திருக்க வேண்டும் என்று அது சொன்னது. 2023 நவம்பருக்குள் இக்கருவி கண்ட வெடிப்புகள் 600-ஐ எட்டின. அவற்றுள் பிரகாசமானவற்றில், கதிர் ஒரு கட்டத்தில் மோதிப் பக்கத்துக் கட்டத்துக்குச் சிதறும் கோணங்களை எண்ணி, கதிரின் முனைவாக்கத்தையும் அளந்திருக்கிறார்கள். வெடிப்பின் தாரைக்குள் காந்தப்புலம் எவ்வாறு ஒழுங்குபட்டிருக்கிறது என்ற கேள்விக்கு அதுவே நேரான வழி.

இப்போது நம் எல்லைப்புறத்தையே தொட்ட ஒரு சம்பவம். 2022 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை, மாலை 6 மணி 47 நிமிஷம். பாலக்காட்டிலும் மூணாற்றிலும் சூரியன் அஸ்தமித்து அரைமணிக்கு மேல் ஆகியிருந்தது. துணைக்கோள்கள் இதுவரை கண்ட காமா வெடிப்புகள் அனைத்திலும் பிரகாசமானது அந்தக் கணத்தில் வந்து சேர்ந்தது. சுமார் 190 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட கதிர் அது. ‘அம்பு’ என்னும் சிறு நட்சத்திரக் கூட்டத்தின் திசையிலிருந்து வந்த அது அரபிக் கடலில் மும்பைக்கு மேற்கேயுள்ள ஓரிடத்துக்கு நேர் உச்சியில் நின்றது. கணக்கிட்டுப் பார்த்தால் பாலக்காட்டுக் கணவாயின் உச்சிக்குப் பத்து பாகையளவே விலகி இருந்தது என்று தெரிகிறது. சில துணைக்கோள்களின் கருவிகள் அதன் உக்கிரத்தில் எண்ணிக்கை தவறின. ஐரோப்பாவில் அயனி மண்டலக் குலைவு பதிவாயிற்று. இந்தியாவில் மின்னலைக் கண்காணிக்கும் கருவிகளும் அதை உணர்ந்தன. 500 கிலோமீட்டர் உயரத்தில் பறந்த சீனத் துணைக்கோள் ஒன்று அயனி மண்டலத்தின் மேற்பகுதியிலும் மின்புலம் அதிர்ந்ததை அளந்தது. நட்சத்திரம் காற்றைத் தொடக்கூடும் என்று 1969-இல் எழுதிய கல்பாத்திக்காரருடைய சொந்த ஊரின் ஆகாயத்திலேயே அது நிகழ்ந்தது என்பதை எண்ணும்போது, இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதற்காக நான் மகிழ்கிறேன்.

எல்லைப்புறத்தின் தென்பகுதியான இடுக்கியில் கஸ்தூரிரங்கன் என்ற பெயர் அறியாதவர் இல்லை. ஆனால் உடும்பன்சோலை ஏலத்தோட்டத்திலோ தேவிகுளத்துத் தேயிலைப் பாடியிலோ அந்தப் பெயரைச் சொன்னால், காமா கதிரையோ ஸ்ராஸையோ எவரும் நினைப்பதில்லை. ஓர் அறிக்கையையே நினைக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி மாதவ் காட்கில் குழு அளித்த பரிந்துரைகளைப் பரிசீலிக்க 2012 ஆகஸ்டில் அவர் தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு, 2013 ஏப்ரலில் தன் முடிவைச் சமர்ப்பித்தது. வானத்தைப் பார்க்க வாழ்நாளைச் செலவிட்டவர் இம்முறை வானத்திலிருந்து கீழே பார்த்தார். துணைக்கோள் எடுத்த படங்களைக்கொண்டு, மனிதர் பயிரிட்டு வாழும் நிலத்தையும் இயற்கையாக எஞ்சிய காட்டையும் வேறு பிரித்து, மலைத்தொடரின் 37 சதவீதத்தை, அதாவது ஏறக்குறைய 60,000 சதுர கிலோமீட்டரை, சூழல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதியாக அறிவிக்கும்படி அவருடைய குழு கேட்டது. கேரளத்தில் அது 123 கிராமங்களைத் தொட்டது. அவற்றுள் மிகுதியானவை இடுக்கியில் இருந்தன, பாலக்காட்டிலும் சில இருந்தன.

படத்தில் ஒரு கட்டம் பச்சையாகத் தெரிந்தால் அது காடா, காட்டு மரங்களின் நிழலில் வளரும் ஏலமா என்று இடுக்கி மக்கள் எழுப்பிய கேள்வி வெறும் கோபத்தில் பிறந்ததல்ல. ஏலத்தோட்டத்தின் மேலே நிற்பவை உண்மையிலேயே காட்டு மரங்கள்தாம். மலை நிலைத்தால்தான் தோட்டமும் நிலைக்கும் என்ற குழுவின் கவலையும் மெய்யானதே என்பது என் அபிப்பிராயம். எதிர்காலத்தில் ஏவுவதற்காக இந்திய விஞ்ஞானிகள் திட்டமிட்டுள்ள தக்ஷா என்ற இரட்டைக் காமா கதிர்த் துணைக்கோள்களைப் பற்றி வேறொரு சமயம் எழுதலாம். அதற்குமுன், 2013 நவம்பர் 13-ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பிறப்பித்த உத்தரவையும், அதைத் தொடர்ந்து கட்டப்பனையிலிருந்து மூணாறு வரை மூடிக்கிடந்த கடைகளையும், மலைமேல் வாழும் தமிழ்த் தொழிலாளிகளும் குடியேறிய மலையாளி விவசாயிகளும் அந்நாட்களில் எடுத்த நிலைகளையும் அடுத்த அத்தியாயத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.